கிட்டார் பயிற்சிக்கு ஹெட்போன்: எதில் செருகப் போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்

நான் குடியிருப்பது சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. எனக்கு நேர் கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். ஒருநாள் காலை லிஃப்டில் பார்த்தபோது, "தம்பி, நேத்து ராத்திரி ஒரே இடத்தை எத்தனை தடவைப்பா வாசிச்சே? எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்று மாலையே ஹெட்போன் வாங்கிவிட்டேன்.

வாங்கியது தப்பான ஹெட்போன். ப்ளூடூத், வெளிச்சத்தம் குறைக்கும் வசதி, கும்மென்ற பாஸ் (கீழ் ஒலி) எல்லாம் இருந்தது. பாட்டுக் கேட்க அருமை, கிட்டாருக்கு உதவவே இல்லை. அடுத்து வாங்கியது நல்ல ஸ்டுடியோ ஹெட்போன்தான், ஆனால் என்னிடம் இருந்த சின்ன ஆம்ப்பால் (ஆம்ப்ளிஃபையர்) அதைச் சத்தமாக ஓட்ட முடியவில்லை. மூன்றாவதுதான் இன்றுவரை நிற்கிறது. மூன்று முறை காசு செலவழித்த பிறகு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: ஹெட்போன் கடைசியில் வர வேண்டிய பொருள். அதற்கு முன்னால் இருப்பதைத் தீர்மானிக்காமல் ஹெட்போனைப் பற்றி விமர்சனம் படிப்பது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது மாதிரி.

இனி வரிசையாகப் பார்க்கலாம். எலெக்ட்ரிக் கிட்டாரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அக்கூஸ்டிக், பேஸ் கிட்டார்க்காரர்களுக்கு எங்கே கணக்கு மாறுகிறதோ அங்கே சொல்கிறேன்.

முதல் படி: எதில் செருகப் போகிறீர்கள்?

கிட்டாரில் இருக்கும் ஜாக்கிலேயே ஹெட்போனைச் செருகினால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு முறை தோன்றும். எனக்கும் தோன்றியது. கன்வெர்ட்டர் பின் போட்டுச் செருகிப் பார்த்தேன். பக்கத்து அறையில் கொசு பறப்பது போல ஏதோ கேட்டது, அதுவும் ஒரு காதில் மட்டும். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பின் மின்தடையே ஆறேழு கிலோ ஓம் இருக்கும், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் பெரும்பாலும் இன்னும் கூடும். அதனால்தான் கிட்டார் ஆம்ப்பின் உள்வாங்கும் ஜாக்கை ஒரு மெகா ஓம் அளவில் வைக்கிறார்கள். ஹெட்போனோ 32 ஓம், 50 ஓம். பிக்கப்பில் பிறக்கும் துளி மின்னழுத்தம் அங்கேயே படுத்துவிடும். நடுவில் ஒரு ஆம்ப் இருந்தே ஆக வேண்டும்.

அந்த நடுப்பொருள் என்னவாக இருக்கலாம்? பெரும்பாலான வீடுகளில் ஏற்கெனவே இருப்பது 10 வாட், 15 வாட் பயிற்சி ஆம்ப். அதில் ஹெட்போன் ஜாக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன் கைபேசியோடு வந்த பழைய ஒயர் இயர்போனையே மாட்டி, கிளீன் (சுத்தமான) ஒலியில் ஒரு கார்டும் டிஸ்டார்ஷனில் (கரகரக்கும் ஒலியில்) ஒரு கார்டும் வாசித்துப் பாருங்கள். கிளீன் சுமாராக இருந்து, டிஸ்டார்ஷன் மட்டும் காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது மாதிரிச் 'சர்ர்'ரென்று காதைக் கிழித்தால், பிரச்சினை இயர்போனில் இல்லை. பல பேர் கோட்டை விடும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் 12 அங்குல ஸ்பீக்கர், பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் போன்றது அல்ல. சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது சரசரவென்று கீழே இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் போடும்போது உச்ச ஸ்தாயியில் ஏராளமான கூர்மையான ஒலிகள் உண்டாகின்றன. அவற்றை வடிகட்டி, நாம் 'கிட்டார் டோன்' என்று பழகிய ஒலியாக்கித் தருவது அந்த ஸ்பீக்கரும் அதன் மரப்பெட்டியும்தான். ஹெட்போன் 20,000 ஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் அப்படியே கொட்டும். ஆகவே ஹெட்போனுக்குப் போகும் வழியில் அந்தப் பெட்டியைப் போல நடிக்கும் ஒரு மின்சுற்றோ மென்பொருளோ வேண்டும். கேபினெட் சிமுலேஷன், சுருக்கமாக கேப் சிம் என்பது இதுதான். ஆம்ப்பின் ஹெட்போன் ஜாக்கில் கேப் சிம் இல்லாவிட்டால், ஐம்பதாயிரம் ரூபாய் ஹெட்போனும் அந்தச் 'சர்ர்'ரை இன்னும் தெளிவாகக் கேட்க வைக்கும், அவ்வளவுதான். அந்தக் காசை முதலில் நடுப்பொருளில் போடுங்கள்.

வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் ஓடும் பழைய பாணி ஆம்ப்) வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கர் அவுட் என்று எழுதியிருக்கும் ஜாக்கில் ஹெட்போனைச் செருகாதீர்கள். அமைதி வேண்டும் என்று ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டும் வாசிக்காதீர்கள். சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

அடுத்த வழி, கிட்டார் ஜாக்கிலேயே குத்திக்கொள்ளும் சட்டைப்பை அளவு ஆம்ப். வாக்ஸ் ஆம்ப்ளக், ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ, பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா கோ எல்லாம் இந்த வகை. இந்த யோசனை பழசு. பாஸ்டன் என்ற ராக் இசைக்குழுவின் கிட்டார் கலைஞரும் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளருமான டாம் ஷோல்ஸ் 1982-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ராக்மேன், பேட்டரியில் ஓடும் ஹெட்போன் ஆம்ப்தான். ஸ்பீக்கர் பெட்டி செய்யும் வடிகட்டலை அதிலேயே செய்திருந்தார். இன்று அதே வேலையைத் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டப்பா செய்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த ஒரே நிமிடத்தில் வாசிக்கத் தொடங்கலாம் என்பதால், தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கிறது என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கிட்டாரின் ஜாக் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல் கிட்டாரில் போலக் குழிக்குள் சாய்வாக இருந்தால், டப்பாவின் பின் சுழலுமா, சரியாக உட்காருமா என்று பார்த்து வாங்குங்கள்.

கணினி இருந்தால், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோய்த் திரும்ப ஹெட்போனுக்குக் கொண்டுவரும் ஆடியோ இண்டர்ஃபேஸ் வாங்கலாம். கிட்டாரை அதில் செருகும்போது 'இன்ஸ்ட்' அல்லது 'ஹை-இசட்' பொத்தானை அழுத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் ஒலி மந்தமாக, போர்வை போர்த்தியது போல இருக்கும். நியூரல் ஆம்ப் மாடலர் போன்ற இலவச மென்பொருளிலேயே அசத்தலான ஒலி வருகிறது. விண்டோஸில் அந்த இண்டர்ஃபேஸுக்கே உரிய ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) போட்டு, பஃபரை, அதாவது கணினி ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவை, 128 சாம்பிளில் வையுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லி விநாடிதான். போக வர எல்லாம் சேர்த்து 10 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் நின்றால் கை உணராது. அப்புறம் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தானை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் கிட்டாரின் வறண்ட ஒலியும் மென்பொருளின் ஒலியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். "ஹெட்போன் சரியில்லை" என்று திருப்பி அனுப்பிய என் நண்பன் ஒருவனுக்குக் கடைசியில் இந்தப் பொத்தான்தான் பிரச்சினை.

இரண்டாவது படி: ஒயர் இருக்க வேண்டும்

ப்ளூடூத்தைப் பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். புது ஹெட்போனைக் கணினியோடு இணைத்து, ஏ மைனர் பென்டடோனிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையை மெட்ரோனோம் வைத்து வாசித்தேன். நான் ஸ்ட்ரிங்கைத் தட்டி, விரலை அடுத்த ஃபிரெட்டுக்கு நகர்த்திய பிறகுதான் முந்தைய ஸ்வரம் காதில் விழுந்தது. யாரோ என்னைப் பார்த்துக் காப்பியடித்து வாசிப்பது போல இருந்தது. ஐந்து நிமிடத்தில் கை தானாகத் தயங்க ஆரம்பித்துவிட்டது.

காரணம் கணக்கில் இருக்கிறது. ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் சாதாரணமாக 100 முதல் 200 மில்லி விநாடிக்கு மேலும் ஆகிவிடும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. 200 மில்லி விநாடி என்றால் 68 மீட்டர். அதாவது நீங்கள் கிரிக்கெட் மைதானத்தின் நடுப் பிட்சில் நின்று வாசிக்கிறீர்கள், உங்கள் ஆம்ப் பவுண்டரிக் கயிற்றின் அருகே இருக்கிறது. நிமிடத்துக்கு 100 தாளத்தில் ஒரு பதினாறாம் ஸ்வரத்தின் நீளமே 150 மில்லி விநாடிதான், தாமதம் அதையும் தாண்டிவிடுகிறது. இதில் பயிற்சி செய்தால் தாளம் கெடும்.

"ஆனால் என் சட்டைப்பை ஆம்ப்பிலேயே ப்ளூடூத் இருக்கிறதே?" என்று கேட்கலாம். அது பின்னணி இசையைக் கைபேசியிலிருந்து உள்ளே வாங்குவதற்கு. பாட்டு தாமதமாக வந்து சேர்ந்தாலும் பரவாயில்லை, கேட்பதற்கு ஏற்ப நீங்கள் வாசிக்கப் போகிறீர்கள். உங்கள் கையிலிருந்து உங்கள் காதுக்கு வரும் வழியில்தான் தாமதம் கூடாது.

ஒயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால், கிட்டாருக்கென்றே செய்த தனி வகை இருக்கிறது. பாஸ் (Boss) வாஸா-ஏர், பாசிடிவ் கிரிட் ஸ்பார்க் நியோ போன்றவற்றில் கிட்டாரில் செருகும் டிரான்ஸ்மிட்டரும், ஹெட்போனுக்குள்ளேயே ஆம்ப்பும் இருக்கும். கிட்டார் ஒலி அதில் ப்ளூடூத்தில் போகாது, அதனால் தாமதம் தெரியாது. விலை கூடுதல், பேட்டரி தீர்ந்தால் பயிற்சியும் தீர்ந்தது.

கையில் ஏற்கெனவே ப்ளூடூத் ஹெட்போன் இருக்கிறதா? 3.5 மி.மீ. ஜாக் இருந்தால் ஒயர் போட்டுப் பயன்படுத்திப் பாருங்கள். வெளிச்சத்தம் குறைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். புதிதாக வாங்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

மூன்றாவது படி: மூடியதா, திறந்ததா?

காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருந்தால் குளோஸ்டு பேக், சல்லடை போலத் திறந்திருந்தால் ஓபன் பேக். திறந்த வகையில் ஒலி தலைக்கு வெளியே கொஞ்சம் விரிந்து கேட்கும், காது புழுங்காது. ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் உங்கள் சோலோ கேட்கும். இன்னொன்று, ஆம்ப் ஒலியோடு கிட்டாரின் ஸ்ட்ரிங் எழுப்பும் வெறும் 'ட்டிக் ட்டிக்' சத்தமும் உங்கள் காதுக்குள் நுழையும். மெல்லிய ஒலியில் வாசிக்கும்போது அது எரிச்சலாக இருக்கும்.

ஒரே அறையில் குழந்தை தூங்குகிறது, ஃபேன் ஓடுகிறது, தெருவில் நாய் குரைக்கிறது என்றால் மூடிய வகைதான். நம் வீடுகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு இதுதான் பொருந்தும் என்பது என் கணிப்பு. தனி அறை, தினமும் இரண்டு மூன்று மணி நேரம் என்றால் திறந்த வகைக்குப் போகலாம். ஏகேஜி கே240 போன்ற பாதி திறந்த வகை நடுவழி. லேசானது, தலைப்பட்டி தானாக அளவு எடுத்துக்கொள்ளும்.

அக்கூஸ்டிக் கிட்டார்க்காரர்களுக்குக் கணக்கு தலைகீழ். பின்னணி இசையையோ மெட்ரோனோமையோ கேட்டுக்கொண்டு வாசிக்கத்தான் அவர்களுக்கு ஹெட்போன் வேண்டும், கிட்டார் ஒலி மரப்பெட்டியிலிருந்து நேராகவே வர வேண்டும். அதற்குத் திறந்த வகை இயல்பானது. மைக் வைத்துப் பதிவு செய்வதானால் மட்டும் மூடிய வகை வேண்டும், இல்லையென்றால் மெட்ரோனோமின் 'டிக் டிக்' பதிவில் ஏறிவிடும்.

நான்காவது படி: ஓம் கணக்கு

நான் இரண்டாவது முறை ஏமாந்தது இங்கேதான். பேயர்டைனமிக் டிடி 770 புரோ என்ற ஒரே மாடல் 32, 80, 250 ஓம் என்று மூன்று விதமாக விற்கிறது. பெட்டியும் படமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "ஓம் அதிகம் என்றால் தரம் அதிகம்" என்று எங்கோ படித்துவிட்டு 250-ஐ வாங்கினேன். என் சட்டைப்பை ஆம்ப்பை முழுக்கத் திருகினாலும் பக்கத்து வீட்டு ரேடியோ அளவுக்குத்தான் கேட்டது. ஹெட்போன்மேல் குற்றம் இல்லை, அது ஸ்டுடியோவின் பெரிய ஆம்ப்புக்காகச் செய்தது.

ஒரு ஆம்ப் 1 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு அதில் 31 மில்லி வாட் கிடைக்கும், 250 ஓம் ஹெட்போனுக்கு வெறும் 4. பேட்டரியில் ஓடும் சாதனங்களால் மின்னழுத்தத்தை இஷ்டத்துக்கு உயர்த்த முடியாது. ஆகவே சட்டைப்பை ஆம்ப், கைபேசி, சின்னப் பயிற்சி ஆம்ப் என்றால் 32 முதல் 80 ஓம் வரை பாருங்கள். நல்ல இண்டர்ஃபேஸ் இருந்தால் 80-க்கு மேலும் தாராளமாகப் போகலாம். ஓம் மட்டுமே எல்லாம் தீர்மானிக்காது, கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்லும் சென்சிடிவிட்டி என்ற டெசிபல் எண்ணும் உண்டு. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது அந்த எண் ஒரு மில்லி வாட்டுக்கா, ஒரு வோல்ட்டுக்கா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறு அளவை.

ஐந்தாவது படி: பாஸைக் கண்டு மயங்காதீர்கள்

கிட்டாரின் ஆறாவது ஸ்ட்ரிங் திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ். முதல் ஸ்ட்ரிங்கின் 22-வது ஃபிரெட் சுமார் 1,175 ஹெர்ட்ஸ். மேல் இழைவுகளையும் (ஸ்வரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் ஒலிகள்) சேர்த்தால் ஆம்ப்பிலிருந்து வரும் கிட்டார் ஒலி 80-க்கும் 5,000-க்கும் நடுவே முடிந்துவிடுகிறது. கடையில் விற்கும் பெரும்பாலான ஹெட்போன்கள் இந்த நடுப்பகுதியைப் பள்ளமாக்கி, கீழே பாஸையும் மேலே பளபளப்பையும் ஏற்றி வைத்திருக்கின்றன. சினிமாப் பாட்டுக்கு அது சுகம். கிட்டாரில் பாம் மியூட் செய்தால் (உள்ளங்கை ஓரத்தால் ஸ்ட்ரிங்கை லேசாக அடக்கி வாசித்தால்) ஆறாவது ஸ்ட்ரிங் தவில் மாதிரி அதிரும். உடனே நாம் ஆம்ப்பில் பாஸைக் குறைப்போம். அப்படிக் குறைத்து அழகாக அமைத்த டோனை நான் ஒருமுறை நண்பர்களோடு வாசிக்கும் அறைக்குக் கொண்டுபோனேன். நிஜ ஸ்பீக்கரில் தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தது. டிரம்மர் மட்டும் ரொம்ப சந்தோஷப்பட்டான்.

ஆக, ஸ்டுடியோ அல்லது மானிட்டர் என்று சொல்லி விற்கும், சமதளமான ஒலியுள்ள ஹெட்போனே வேண்டும். ஆடியோ-டெக்னிகா ஏடிஎச்-எம்40எக்ஸ் எனக்குப் பிடித்தது. 35 ஓம், ஒயரைக் கழற்றலாம், நடுப்பகுதி கொஞ்சம் நேர்மையானது. அதன் சின்னத் தம்பி எம்20எக்ஸ் தொடக்கக்காரர்களுக்குத் தாராளமாகப் போதும். சோனி எம்டிஆர்-7506 ஸ்டுடியோக்களில் 1991-இலிருந்து உழைக்கிறது. பிசிறெல்லாம் துல்லியமாகத் தெரியும். ஆனால் மேல் ஸ்தாயி கூர்மை, டிஸ்டார்ஷன் வைத்து ஒரு மணி நேரம் வாசித்தால் எனக்குக் காது களைத்துவிடும். சென்ஹைசர் எச்டி 280 புரோ வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும், தலையையும் நன்றாகவே இறுக்கும். கிளீன் ஒலி, ஜாஸ் வாசிப்பவருக்குக் கூர்மை பிடிக்கலாம், மெட்டல் வாசிப்பவருக்குப் பிடிக்காமல் போகலாம். இதில் என் காதை நம்பாதீர்கள்.

பேஸ் கிட்டார்க்காரர்கள் மட்டும் கீழ் ஒலியை விட்டுக்கொடுக்கக் கூடாது. நான்கு ஸ்ட்ரிங் பேஸின் தொடக்கமே 41 ஹெர்ட்ஸ், ஐந்தாவது ஸ்ட்ரிங் இருந்தால் 31. காதை முழுக்க மூடும் குளோஸ்டு பேக் அதற்கு வசதி.

ஆறாவது படி: தலை, காது, வியர்வை

கிட்டார் வாசிப்பவன் நிமிர்ந்து உட்காருவதில்லை. குனிந்து ஃபிரெட்போர்டைப் பார்க்கிறான், தாளத்துக்குத் தலையாட்டுகிறான். சோபாவில் சாய்ந்துகொண்டு "ஆஹா, வசதியாக இருக்கிறதே" என்று முடிவு செய்யாதீர்கள். மாட்டிக்கொண்டு, 12-வது ஃபிரெட்டைப் பார்ப்பது போலக் குனிந்து, நான்கு முறை தலையாட்டுங்கள். நழுவினால் தினமும் நழுவும். 230 முதல் 270 கிராமுக்குள் இருப்பவை எனக்கு ஒரு மணி நேரம் தாங்குகின்றன. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடும், ஜிமிக்கி போடுபவர்கள் ஜிமிக்கியோடும் சோதியுங்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கும் அந்தச் சின்ன இடைவெளி வழியாகவே பாஸ் ஓடிவிடும்.

காது மெத்தையைப் பற்றி வெளிநாட்டு விமர்சகர்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. கடலோர ஊரில் மே மாதம் ஏசி இல்லாமல் வாசித்தால் தெரியும். செயற்கைத் தோல் மெத்தை வியர்வை குடித்துக் குடித்து, இரண்டு மூன்று வருடத்தில் உரிந்து, கருப்புச் செதில்கள் காதிலும் கழுத்திலும் ஒட்டும். வெல்வெட் போன்ற துணி மெத்தை சூட்டுக்கு இதம், ஆனால் கொஞ்சம் ஒலி கசியும். எதுவானாலும், அந்த மாடலுக்கு மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே தேடிவிடுங்கள். கிடைக்காத மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்பேன். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள், கிட்டார் பையின் பாக்கெட்டில் திணிக்காதீர்கள்.

ஏழாவது படி: ஒயரும் பின்னும்

வலது கைக்காரரின் கிட்டாரில் ஒயர் வலப்பக்கம் செருகும். ஒற்றை ஒயர் ஹெட்போன்களில் ஒயர் பெரும்பாலும் இடக் கிண்ணத்திலிருந்து இறங்கி, நேராக இடது கை மணிக்கட்டில் வந்து விழும், கார்டு மாற்றும்போதெல்லாம் உரசும். அதை இடத் தோளுக்குப் பின்னால் தள்ளி, கிட்டார் ஸ்ட்ராப்பின் அடியில் நுழைத்துவிட்டால் தொந்தரவு இல்லை. ஆம்ப்பில் செருகுவதானால் 3 மீட்டர் ஒயர் வேண்டும். சட்டைப்பை ஆம்ப்புக்கு ஒன்றேகால் மீட்டரே போதும். சுருள் ஒயர் பார்க்க அழகு, ஆனால் எழுந்து நின்றால் தலையைக் கீழே இழுக்கும். கழற்றும் ஒயர் இருந்தால் நல்லது, ஏனென்றால் சக்கரம் வைத்த மேசை நாற்காலி ஒரு நாள் அதன்மேல் ஏறியே தீரும்.

பின்னில்தான் அற்பப் பிரச்சினைகள் எல்லாம். ஆம்ப்பில் இருப்பது கால் அங்குலப் பெரிய ஜாக்காகவும், ஹெட்போனில் இருப்பது 3.5 மி.மீ. பின்னாகவும் இருக்கலாம். நடுவில் போடும் கன்வெர்ட்டரில் கருப்பு வளையங்களை எண்ணுங்கள். ஒரு வளையம் என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ. உங்களுக்கு வேண்டியது இரண்டு. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவில் வெறுமனே "பெரிய பின் கன்வெர்ட்டர்" என்று கேட்டால் எது கைக்கு வருகிறதோ அதைத் தருவார்கள், நீங்களே எண்ணிப் பார்த்து வாங்குங்கள். மைக் உள்ள கேமிங் ஹெட்செட், கைபேசி இயர்போன் ஆகியவற்றின் பின்னில் மூன்று வளையம் இருக்கும். அவை பெரும்பாலும் வேலை செய்யும், சில ஜாக்குகளில் மட்டும் ஒலி வெறுமையாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். பின்னை ஒரு மில்லி மீட்டர் வெளியே இழுத்துப் பாருங்கள், சரியானால் காரணம் அதுதான்.

எட்டாவது படி: வாங்கும் முன் ஒரு சோதனை

முடிந்தால் உங்கள் கிட்டாரையும் நடுப்பொருளையும் கடைக்கே எடுத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம், இசைக்கருவிக் கடையில் அனுமதிப்பார்கள். கிளீனில் திறந்த ஈ கார்டை மெதுவாக வருடுங்கள், ஆறு ஸ்ட்ரிங்கும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். டிஸ்டார்ஷனில் ஆறாவது ஸ்ட்ரிங்கைப் பாம் மியூட் செய்யுங்கள், 'டும்' என்று நிற்காமல் 'ஜக்' என்று நிற்க வேண்டும். முதல் ஸ்ட்ரிங்கில் 12-வது ஃபிரெட்டுக்கு மேல் ஒரு பெண்ட் போட்டு (ஸ்ட்ரிங்கை விரலால் வளைத்து) நீட்டுங்கள், முகம் சுளித்தால் அது உங்களுக்கான ஹெட்போன் இல்லை. பிறகு எதுவும் வாசிக்காமல் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டே கடையைச் சுற்றுங்கள். இணையத்தில் வாங்குவதானால் இந்தச் சோதனையை, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் வீட்டில் செய்துவிடுங்கள்.

கடைசிப் படி: வீட்டில்

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கிட்டார் ஒயரைச் செருகாதீர்கள், அந்த 'டப்' நேராகச் செவிப்பறையில் விழும். முதலில் வால்யூம் பூஜ்யம், பிறகு ஒயர், பிறகு தலை, அப்புறம்தான் வால்யூம். 'உம்ம்' என்று ஒரு இரைச்சல் நிற்காமல் வந்தால், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் பிரச்சினை, ஆம்ப்பையும் கணினியையும் ஒரே எர்த் உள்ள போர்டில் செருகுங்கள். நிற்காவிட்டால், சிங்கிள் காயில் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை இழுக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினால் குறையும்.

வால்யூம் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் 80 டெசிபல் வரைதான் பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி நேரம், 89 என்றால் 5 மணி நேரம், 95 என்றால் வாரம் முழுவதற்குமே ஒன்றேகால் மணி நேரம். பிள்ளைகளுக்கு அடிப்படையே 75 டெசிபல்தான். வாசிக்க வாசிக்கக் காது மரத்து, கை தானாக வால்யூமை ஏற்றும். அதனால் பயிற்சியின் தொடக்கத்தில், பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் அளவில் வைத்து, குமிழில் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கிறேன். அதைத் தாண்டத் தோன்றினால் டீ குடிக்கப் போய்விடுவேன்.

இவ்வளவும் சரியாகச் செய்து சில மாதம் கழித்து, அதே லிஃப்டில் கீழ் வீட்டுப் பெரியவரைப் பார்த்தேன்.

"என்ன தம்பி, இப்பல்லாம் பாட்டுச் சத்தமே காணோம்? விட்டுட்டியா?"

"இல்ல சார், ஹெட்போன் போட்டுதான் வாசிக்கிறேன்."

"ஓ! அதான் தினமும் ராத்திரி பத்து மணிக்கு டொக்கு டொக்குன்னு கால் தட்டுறது மட்டும் கேக்குதா?"

இப்போது வலது காலுக்கு அடியில் பழைய யோகா பாயை நான்காக மடித்துப் போட்டிருக்கிறேன்.